வீட்டுத் தோட்டத்தில் மிஞ்சும் காய், தழைகளை மாட்டுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் கூடையோடு கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். கேள்வியைப் பார்த்தால் மாடு உங்களுடையது இல்லை, தெருவில் யாரோ வளர்க்கும் மாட்டுக்குப் பாசத்தில் கொடுக்க நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் எங்கள் செவலை மாடு.

போன வருஷம் காற்றடித்த மறுநாள், நான் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டு அண்ணன் உதிர்ந்து கிடந்த மாங்காய்களை அள்ளிவந்து முழுசு முழுசாகப் போட்டுவிட்டார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் சுருட்டி இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும், பிறகுதான் அசைபோடும். நான் வந்து பார்க்கும்போது கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது, எச்சில் நூல் நூலாக ஒழுகுகிறது, இடது பக்க வயிறு உப்பிக்கொண்டே போகிறது. தொண்டை அடைத்தால் ஏப்பம் வெளியே வராது. காற்று சேர்ந்து மூச்சையே அமுக்கிவிடும். சில மணி நேரம்கூடத் தாங்காது. டாக்டர் வந்து கழுத்தைத் தடவிப் பார்த்து, கட்டியாகத் தட்டுப்பட்டதை வெளியிலிருந்தே மெல்ல மெல்ல மேலே தள்ளி, வாய்க்குள் கைவிட்டு எடுத்தார். அண்ணன்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு யாரும் சொன்னதில்லை.

மாங்காய், பீட்ரூட், உருளை எதுவானாலும் நீளவாக்கில் நறுக்கிப் போடுங்கள். வைக்கோல் தின்ற பிறகு இரண்டு கை போதும். வாழை இலை, அகத்தி, முருங்கைத் தழை நல்லது. பூசணம் பிடித்தது, மருந்தடித்தது, முளைவிட்ட உருளை, தோல் பச்சை நிறமாகிவிட்ட உருளை வேண்டவே வேண்டாம். வேலியோரம் கழித்த தழையில் அரளி கலந்திருக்கிறதா என்று கிளறிப் பாருங்கள். கொஞ்சம் உள்ளே போனாலே மாட்டைக் கொன்றுவிடும்.

மரவள்ளி இலையில் சயனைடு நஞ்சு இருக்கிறது. "எங்கள் ஊரில் அதைப் போட்டுத்தான் வளர்க்கிறோம்" என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். வெயிலில் உலர்த்தினால் நஞ்சு வெகுவாகக் குறையும், நானும் மறுக்கவில்லை. வெறும் வயிற்றில் பச்சையாகப் போடுவதைத்தான் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை; சந்தேகம் வந்தால் தமிழ்நாட்டில் 1962-க்குக் கூப்பிடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

மாட்டுப் பொங்கலன்று வீட்டுக்கு வீடு சர்க்கரைப் பொங்கலை வாளியில் கொண்டுவருகிறார்கள். அவ்வளவு சோறு ஒரேயடியாகப் போனால் வயிறு புளித்து மாடு அசைபோடுவதையே நிறுத்திவிடும். புண்ணியம் சேர்க்க வருகிறவர்கள் ஒரு கட்டு சோளத்தட்டு வாங்கிப் போடலாமே! எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு முழுக்கக் கட்டடமாகிவிட்டது. அது போனபோது ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாடு ரோட்டில் நின்றால் மட்டும் அபராதத்துக்கு ஆள் வருகிறது. அவிழ்த்துவிட்டால் மேய எங்கே இடம் இருக்கிறது, சொல்லுங்கள்.