படகு இழுக்கும் வண்டி ஏன் கொதிக்கிறது? – கேள்வி பதில்

தடைக்காலம் வந்தால் நம் கடற்கரையில் கடலுக்குப் போகாத படகெல்லாம் ரோட்டுக்கு வந்துவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை பழுது பார்க்க, பெயின்ட் அடிக்க, எஞ்சின் மாற்ற என்று ஏதாவது ஒன்றை எங்காவது இழுத்துக்கொண்டே இருக்கிறோம். நடுவில் கத்திரி வெயில் வேறு. "வண்டி ஹீட் ஆகுது" என்று வந்த கேள்விகளுக்கு, உச்சிப்புளிப் பக்கம் டீசல் வண்டிப் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மண்டபத்திலிருந்து: அண்ணே, பழைய பிக்கப். சும்மா ஓடினால் ஒன்றுமில்லை. டிரெய்லரில் ஃபைபர் படகை ஏற்றி ராமநாதபுரம் போனால் பாதி வழியில் டெம்பரேச்சர் முள் ஏறிவிடுகிறது. ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட், வாட்டர் பாடி (தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்) எல்லாம் மாற்றியாச்சு.

மூன்று சாமான் மாற்றிய பிறகு கேட்கிறீர்கள் தம்பி. எப்போது ஹீட் ஆகிறது என்பதை முதலில் பார்த்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் ஏறினால் காற்றுக் குறை: ஃபேன், அதைச் சுற்றியுள்ள கூடு, ரேடியேட்டர் முகத்தில் அடைத்த தூசி. நல்ல வேகத்தில், லோடோடு போகும்போது மட்டும் ஏறினால் பெரும்பாலும் தண்ணீர் ஓட்டத்தில் குறை. உங்களுடையது இரண்டாவது ரகம்.

எரிகிற டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரேடியேட்டர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். படகை இழுக்கும்போது டீசல் கூடுதலாக எரிகிறது, வெப்பமும் கூடுகிறது. பாதி அடைத்த ரேடியேட்டர் காலி வண்டிக்குச் சமாளிக்கும், லோடுக்குச் சமாளிக்காது. அடைப்புக்குக் காரணம் நம் ஊர் போர் தண்ணீர். அதை ஊற்றி ஊற்றி உள்ளே உப்புப் படிந்து குழாய்கள் மூடிக்கொள்ளும்.

சோதிப்பது சுலபம். வண்டி நன்றாகச் சூடான பிறகு எஞ்சினை அணைத்து, ரேடியேட்டர் முகத்தில் அங்கங்கே வெப்பம் பாருங்கள். சுற்றிலும் கொதித்து, நடுவில் ஒரு பட்டை மட்டும் ஆறிக் கிடந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. கையை வைக்க வேண்டாம், தள்ளி நின்று வெப்பம் காட்டும் துப்பாக்கி போன்ற மீட்டர் பட்டறைகளில் இருக்கும். கரண்டு ஃபேன் உள்ள வண்டியில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சுற்றலாம், ஜாக்கிரதை. செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினியம் என்றால் மாற்றுவதே மேல்.

தங்கச்சிமடம்: நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு, கழற்றி எறி என்கிறார்களே?

எறியாதீர்கள். அது 82 டிகிரி வாக்கில் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. பல எஞ்சின்களில், திறக்கும்போதே குறுக்குவழியையும் அதுதான் அடைக்கிறது. கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். குளிர்ச்சிக்காகக் கழற்றியது லோடில் சூட்டைக் கூட்டும். காலையில் எஞ்சின் சரியாகச் சூடேறாமல் டீசல் குடிப்பது தனிக் கதை. சந்தேகம் இருந்தால் வெந்நீரில் போட்டு அது திறக்கிறதா என்று பாருங்கள்.

பாம்பன்: ஆடி மாதம் மண்டபத்திலிருந்து வரும்போது பாலத்தில் முள் ஏறுகிறது. அதே லோடோடு திரும்பிப் போகும்போது ஏறவில்லை. பேயா பிசாசா?

கச்சான் காற்று, அதாவது மேல்காற்று! கிழக்கே வரும்போது அது உங்கள் முதுகில் அடிக்கிறது. வண்டி போகும் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாக இருந்தால் ரேடியேட்டருக்கு முன்னால் காற்றே அசையாது, முழு வேலையும் ஃபேன் தலையில். அதிலும் பாலம் நடுவில் ஏற்றம், முன்னால் பஸ் ஊர்ந்து போகும். திரும்பும்போது எதிர்க்காற்று, இழுக்கச் சிரமம்தான், ஆனால் ரேடியேட்டருக்கு நல்லது.

அப்படியானால் உங்கள் ஃபேன் பலவீனம். விஸ்கஸ் கிளட்ச் ஃபேன் (சூடேறினால் இறுகிப் பிடித்துச் சுற்றும் ரகம்) என்றால், எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைச் சுண்டிவிடுங்கள். இறுக்கமாக நின்றால் சரி. சுண்டியதும் பல சுற்று இலகுவாகச் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. சுற்றிலும் உள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். "அது சும்மா கவர்தானே" என்று கழற்றிப் போட்ட வண்டிகள் இங்கே நிறைய. கூடு இல்லாவிட்டால் ஃபேன் பக்கத்துக் காற்றையே இழுத்துச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஓட்டும்போது ஒரு கியர் குறைத்துப் போங்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் ஃபேனும் வாட்டர் பாடியும் வேகமாகச் சுற்றும். டாப் கியரில் முக்கவிட்டு இழுப்பதுதான் கொதிக்க வைக்கும்.

கீழக்கரை: நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடி வழியாகத் தண்ணீர் கக்குகிறது. ஓடும்போது முள் சரியாகவே இருக்கிறது.

மூடியை மாற்றுங்கள் காக்கா. பெரும்பாலான வண்டிகளில் அது 0.9 பார் அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது, அதனால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி இன்னும் 20 டிகிரி வாக்கில் போன பிறகே கொதிக்கும். ரப்பர் காய்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு. பழைய மூடியில் போட்டிருக்கும் எண்ணையே கேட்டு வாங்குங்கள், அதிகம் இருந்தால் நல்லது என்று வேறு எண் வேண்டாம். வண்டி ஆறியதும் ஓஸ் சப்பிப் போயிருந்தால் அதுவும் மூடியின் கோளாறுதான்.

தேவிபட்டினம்: என் வீட்டுக்காரர் ஐஸ் வண்டி ஓட்டுகிறார். தினமும் தண்ணீர் குறைகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை. ஊற்றிக்கொண்டே ஓட்டலாமா?

ஓட்ட வேண்டாம் தங்கச்சி. காலையில் ஆறின வண்டியில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கிறது. ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் மேல் ஓஸ் கல்லாய் இறுகுவது, சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறுவது எல்லாம் அதே நோய். ஆயிலில் தண்ணீர் கலந்தால் பேரிங் போய்விடும், அப்புறம் முழு எஞ்சின் வேலை. ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்காமல் திரும்ப மாட்ட விடாதீர்கள். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கட் நிற்காது.

குமிழி இல்லையென்றால் வாட்டர் பாடியின் அடித் துளையைப் பாருங்கள். அங்கே கசிவது சூட்டிலேயே காய்ந்துவிடும், கீழே சொட்டாது.

மூக்கையூர்: டிராக்டரில் கரையிலிருந்து படகை ஏற்றும்போது மட்டும் ஹீட்.

முன் ஜாலியில் காய்ந்த கடற்பாசித் தூளும் மணலும் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பைக் கிட்டே பிடித்தால் தகடு மடங்கிவிடும்.

தொண்டி: பச்சை கூலண்டில் சிவப்பைக் கலக்கலாமா?

வேண்டாம். சில ரகங்கள் கலந்தால் கூழாகிவிடும். முழுக்க வடித்துவிட்டு ஒரே ரகமாக ஊற்றுங்கள், பாதிக்குப் பாதி பேட்டரி தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் அல்ல) சேர்த்து.

வாலிநோக்கம்: நடு ரோட்டில் கொதித்துவிட்டது. பக்கத்தில் கடலைத் தவிரத் தண்ணீர் இல்லை.

கடல் தண்ணீர் கூடவே கூடாது, மீன் பெட்டியில் உருகின ஐஸ் தண்ணீரும் அதே உப்புதான். குடிக்கிற கேன் தண்ணீர் இருந்தால் அது போதும். ஆனால் முதலில் பொறுமை. முள் ஏறியிருக்கிறது, தண்ணீர் வெளியேறவில்லை என்றால் நியூட்ரலில் ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே ஓடவிடுங்கள், இறங்கும். ஆவி அடித்துத் தண்ணீர் போய்விட்டால் உடனே அணையுங்கள். மூடியை அரை மணி நேரமாவது தொடாதீர்கள். முகம் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறிய பிறகும் துணி போட்டு, மெதுவாகத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

ஏர்வாடி: ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது.

எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. எர்த் வயர் முனை உப்புக் காற்றில் பச்சை பூத்திருக்கும், சுரண்டி இறுக்குங்கள்.

சாயல்குடி: ரேடியேட்டர் புதுசு, ஃபேன் சரி, கேஸ்கட் சரி. டிரெய்லரை மாட்டினால் இன்னும் ஹீட்.

அப்படியானால் வண்டியை விட்டுவிட்டு டிரெய்லரைப் பாருங்கள். படகை இறக்கும்போது சக்கரம் அச்சு வரைக்கும் கடலில் முங்குகிறது. சூடான ஹப் (பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுக்குடம்) சட்டென்று ஆறும்போது உப்புத் தண்ணீரை உள்ளே இழுக்கும், கிரீஸ் கெட்டு பேரிங் துருப்பிடிக்கும். பத்து கிலோமீட்டர் இழுத்துவிட்டு நான்கு ஹப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அதில்தான் கோளாறு. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் பேரிங் சத்தமும் பிரேக் பிடித்திருப்பதும் தெரிந்துவிடும்.

இன்னொன்று, மணலில் புதையாமலிருக்க டயர் காற்றை இறக்குகிறோம். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிக்கிறோமா? அந்தத் தொய்ந்த டயரோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் இழுத்தால் எந்த ரேடியேட்டரும் கொதிக்கும்.