கல்லறை எழுத்திலிருந்து கொள்ளுத்தாத்தா வரை

கேள்வி: காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் கல் இருக்கிறது. எழுத்து மங்கிவிட்டது. சுண்ணாம்பு தடவித் துடைத்தால் படிக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா? (வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு, சாக்பீஸ், மாவு எதுவானாலும் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். ஆசிட் அதைவிடக் கேடு. சலவைக்கல்லில் ஆசிட் பட்டதும் நுரைத்துக் கல்லே கரையும். மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும்.

ஒரு வாளி நல்ல தண்ணீர், மென்மையான நைலான் பிரஷ், ஒரு முகக்கண்ணாடி போதும். உப்பேறிய போர் தண்ணீர் வேண்டாம். கல்லுக்குள் இறங்கிய உப்பு காயும்போது படிகமாகி மேற்பரப்பைப் பெயர்க்கும். கறை வழிந்து கோடு விழாமல் இருக்கக் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். கல் செதில் செதிலாக உரிந்தாலோ, விரலால் தட்டும்போது உள்ளே பொள்ளலாக ஒலித்தாலோ தண்ணீர்கூட ஊற்றாதீர்கள்.

படிக்க உதவுவது வெளிச்சம்தான். கிழக்கு பார்த்து நிற்கும் கல்லில் காலை வெயில் நேராக அடிக்கும். பள்ளங்களில் நிழல் விழாது. உச்சிவேளைக்குச் சற்று முன், வெயில் கல்லின் முகத்தை உரசி இறங்கும்போது பாருங்கள். தரையில் படுத்த பலகைக் கல்லுக்கு அதிகாலையும் சாயங்காலமும் நல்லது. வேளை வாய்க்கவில்லையென்றால் ஒருவர் பக்கவாட்டில் நின்று கண்ணாடியால் வெயிலைக் கல்லின் மேல் சாய்த்து அடிக்க, இன்னொருவர் படம் எடுக்கலாம். ஈய எழுத்து உதிர்ந்த கல்லில், அதைப் பிடித்திருந்த சிறு துளைகளின் வரிசையே எழுத்தின் வடிவைக் காட்டும்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கல்லை எழுப்பிய பிள்ளைகளின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தரை உயர்ந்து மண் மூடியிருப்பதும் அந்த வரியைத்தான். அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் மண்ணைத் தோண்டாதீர்கள். பக்கத்துக் கல்லறைகளையும் படமெடுத்து வையுங்கள், சொந்தக்காரர்கள் அருகருகே இருப்பது வழக்கம்.

கேள்வி: ஒரு கல்லில் ‘கஅஅஎ’ என்றும் ‘சர்வசித்து’ என்றும் இருக்கிறது. என்ன பொருள்? (வாசகர், ராயபுரம்)

பதில்: அவை எழுத்துகள் அல்ல, தமிழ் எண்கள். ௧ என்பது க போலவும், ௮ என்பது அ போலவும், ௭ என்பது எ போலவும் இருக்கும். ஆக 1887. சர்வசித்து அதை உறுதிப்படுத்துகிறது: 1887 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு அது. எண் இல்லாமல் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் வரும், அடுத்த சர்வசித்து 1947. தை, மாசி என்றிருந்தால் ஆங்கில ஆண்டில் ஒன்று கூட்டுங்கள். சர்வசித்து தை என்பது 1888 ஜனவரியில் வரும். ‘வயது 45’ என்பதிலிருந்து பிறந்த ஆண்டை ஒரே எண்ணாக முடிவு செய்யாதீர்கள். 45 முடிந்ததா, நடப்பா என்பது தெரியாது. இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி விட்டுத் தேடுங்கள்.

கேள்வி: கல்லில் பெயரும் தேதியும் கிடைத்துவிட்டன. அடுத்து எங்கே போவது? (வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: அவருடைய பங்குக் கோவிலுக்கு. ராயபுரம் தூய பேதுரு ஆலயம் போன்ற 19-ஆம் நூற்றாண்டுக் கோவில்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என மூன்று பதிவேடுகள் தனித்தனியாக இருக்கும். முதலில் அடக்கப் பதிவேடு. அதில் கல்லில் இல்லாதவர்களும் இருப்பார்கள், ஏனென்றால் குடும்பக் குழியைத் திறந்து மீண்டும் அடக்கம் செய்வதுண்டு. பிறகு திருமணப் பதிவேடு. மணமகன், மணமகள் இருவரின் தந்தை பெயரும் அதில் கிடைப்பதால் ஒரே தாவலில் ஒரு தலைமுறை பின்னால் போகலாம்.

பழைய கத்தோலிக்கப் பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். கல்லில் இராயப்பன் என்றிருப்பவர் அங்கே பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சவரிமுத்து சவேரியுஸ். வீட்டுப் பெயரையே தேடினால் கிடைக்காது. ஆண்டும் தெருவும் எழுதிக் கடிதமாகப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் அலுவலரே புரட்டட்டும்.

ராயபுரம் ரயில்வே குடியிருப்புகளில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் என்றால் இன்னொரு வழியும் உண்டு. மெட்ராஸ் மாகாண ஆங்கிலிக்கன் கோவில்களின் பதிவு நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.