பூமி சூடாகுறது நிஜமா, அதுல நம்ம பங்கு எவ்ளோ? உங்க கேள்வி, என் பதில்

"பூமி எப்பவுமே சூடாகும், குளிரும், மனுசன் என்ன பண்ணிட முடியும், எல்லாம் வெள்ளைக்காரன் நம்மள வளர விடாம கட்டுன கதை"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்திட்டு இருக்கு, அதைப் பத்தி ஆளாளுக்கு கேட்டுட்டே இருந்தீங்க, அதான் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் போட்டுடலாம்னு. நான் படிச்சது வளிமண்டல இயற்பியல், பொழப்பும் அதுலதான். திட்டி எழுதுனதை மட்டும் எடுத்துட்டேன், மத்தபடி கேள்வி எல்லாம் நீங்க கேட்ட மாதிரியே இருக்கு.

அக்கா, முதல்ல நிஜமாவே சூடாகுதா? தெர்மாமீட்டரை எல்லாம் ஏர்போர்ட்லயும் சிட்டிக்குள்ளயும் வச்சிருக்காங்க, கான்கிரீட் சூட்டைத்தானே அது காட்டும்?

நியாயமான சந்தேகம் தம்பி. இதே சந்தேகம் வந்தவர்தான் கலிஃபோர்னியா பெர்க்லி யுனிவர்சிட்டி இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் முல்லர். மத்தவங்க போட்ட கணக்கை நம்பாம தானே ஒரு டீம் வச்சு, கிடைச்ச ஸ்டேஷன் பதிவு எல்லாத்தையும் முதல்ல இருந்து அலசுனாரு. அதுக்குப் பணம் கொடுத்தவங்கள்ல எண்ணெய் பிசினஸ் பண்ற சார்ல்ஸ் கோக்கோட ஃபவுண்டேஷனும் ஒண்ணு, அதனால சந்தேகக்காரங்க எல்லாம் ரிசல்ட்டுக்காக ஆவலா காத்துட்டு இருந்தாங்க. கடைசில 2011ல வந்தது, மத்தவங்க ஏற்கனவே வரைஞ்ச வெப்பநிலைக் கோடு மாதிரியே இன்னொரு கோடு. சிட்டி ஸ்டேஷனை எல்லாம் கழிச்சுப் பார்த்தாலும் சூடு ஏறிட்டுதான் இருந்துச்சு. அடுத்த வருசமே மனுசர், "நான் மனசு மாறிட்டேன், இதுக்குக் காரணம் கிட்டத்தட்ட முழுக்க மனுசன்தான்"ங்கிற மாதிரி பத்திரிகைலயே எழுதிட்டாரு.

அதை விடுங்க, நடுக்கடல்ல எங்க கான்கிரீட் இருக்கு? கூடுதலா சேர்ற சூட்டுல 90 சதவீதம் போறது கடலுக்குத்தான். ஆயிரக்கணக்கான மிதவைங்க 2 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறி அளந்துட்டே இருக்கு, அதுலயும் ஏறுமுகம்தான். 1850-1900 சராசரியோட ஒப்பிட்டா 2024ஆம் வருசம் ஏறக்குறைய 1.5 டிகிரி மேல.

காத்துல கார்பன் டை ஆக்ஸைடு வெறும் 0.04 சதவீதம். இத்துனூண்டு சமாச்சாரம் பூமியையே சூடாக்கும்னா நம்புற மாதிரியா மேடம் இருக்கு?

மீதி 99 சொச்சம் சதவீதம் என்ன சார்? நைட்ரஜன், ஆக்ஸிஜன், கொஞ்சம் ஆர்கான். பூமி திருப்பி அனுப்புற வெப்பக் கதிரை இது மூணும் கண்டுக்கவே கண்டுக்காது, அது பாட்டுக்கு தாண்டிப் போயிடும். பிடிச்சு வைக்கிறது நீராவி, கார்பன் டை ஆக்ஸைடு, மீத்தேன் மாதிரி சில வாயுங்க மட்டும்தான், அதனால மொத்தத்துல எத்தனை சதவீதம்ங்கிற கணக்கே இங்க உதவாது. இது நேத்து கண்டுபிடிச்சதும் இல்ல. 1856லயே யூனிஸ் ஃபூட்ங்கிற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்ல இந்த வாயுவை அடைச்சு வெயில்ல வச்சு, மத்த காத்தை விட அதிகம் சூடாகுதுன்னு பார்த்தாங்க, 1859ல ஜான் டிண்டால்ங்கிற விஞ்ஞானி தன்னோட லேப்ல அளந்தாரு, 1896ல ஸ்வீடன்காரர் அர்ரீனியஸ் இந்த வாயு ரெண்டு மடங்கானா எத்தனை டிகிரி ஏறும்னு கையாலயே கணக்குப் போட்டாரு, அவருக்கு 5-6 டிகிரி வந்துச்சு, இன்னைக்கு நாங்க சொல்றது 2.5ல இருந்து 4க்குள்ள. அப்ப இந்தியாவை அடக்கி வைக்கணும்னு யாரும் புதுசா சதி பண்ண வேண்டிய அவசியமே இல்ல, ஏற்கனவே ஆண்டுட்டுதானே இருந்தாங்க.

சரி, கூடுதுன்னே வச்சுக்குவோம். அது எரிமலைல இருந்து வரலாம், கடல்ல இருந்து வரலாம். மனுசன்தான்னு எப்படி அடிச்சு சொல்றீங்க?

எனக்குப் பிடிச்ச கேள்வியே இதுதான், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

ஹவாய்ல மவுனா லோவாங்கிற மலையில 1958ல சார்ல்ஸ் கீலிங்ங்கிற விஞ்ஞானி காத்துல இருக்குற கார்பன் டை ஆக்ஸைடை அளக்க ஆரம்பிச்சாரு. அப்ப பத்து லட்சத்துல சுமார் 315 பங்கு, இப்ப 420ஐ தாண்டிடுச்சு. தொழிற்புரட்சிக்கு முன்னாடி 280தான். அந்த கிராஃபைப் பார்த்தீங்கன்னா வெறும் ஏறுற கோடா இருக்காது, ரம்பப் பல்லு மாதிரி ஏறி இறங்கி ஏறும். வடக்குப் பாதி உலகத்துல செடி கொடி துளிர்க்கிறப்போ காத்துல இருந்து இழுத்துக்கும், இலை உதிர்ற காலத்துல திரும்ப விட்டுடும், அதான் மே மாசம் உச்சம், செப்டம்பர் அக்டோபர்ல பள்ளம். ஆனா ஒவ்வொரு வருசமும் உச்சம் போன வருச உச்சத்தை விட மேல.

உடனே "மவுனா லோவாவே எரிமலை ஆச்சே, அது மேலயே உக்காந்து அளந்தா கூடத்தானே காட்டும்"னு கேப்பீங்க. எரிமலை வாய்ப் பக்கம் இருந்து காத்தடிக்கிற நேரத்து அளவை அவங்க கழிச்சிடுறாங்க, தவிர எரிமலையே இல்லாத தென் துருவ ஸ்டேஷன்லயும் இதே ஏறுமுகம்தான். 2022 நவம்பர்ல அந்த மலை நிஜமாவே வெடிச்சு, லாவா ரோட்டையும் கரண்ட் லைனையும் துண்டிச்சிடுச்சு, பக்கத்து மலை மவுனா கேயால தற்காலிகமா கருவியை வச்சு அளந்தாங்க, அங்கயும் கோடு அதே கோடுதான்.

இப்ப யார் விட்டதுன்னு பார்ப்போம். கார்பன்ல கார்பன்-14னு ஒரு வகை இருக்கு, சுமார் 5,730 வருசத்துக்கு ஒருக்கா பாதியா தேயும். நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான வருசமா மண்ணுக்குள்ள கிடந்ததால அதுல கார்பன்-14 சுத்தமா கிடையாது. அதை எரிக்க எரிக்க காத்துல இருக்குற கார்பன்-14 விகிதம் நீர்த்துப் போகுது, பால்ல தண்ணி கலந்தா லாக்டோமீட்டர் காட்டிக் கொடுக்குமே அந்த மாதிரி. இதை 1955லயே ஹான்ஸ் சூஸ்ங்கிற விஞ்ஞானி மரத்தோட வளையத்துல பார்த்துட்டாரு. ஆனா எரிமலைக் கார்பன்லயும் கார்பன்-14 இல்லதான், அதனால இது மட்டும் போதாது. கார்பன்-13 வந்து உதவுது. செடிகளுக்கு அது கொஞ்சம் ஒத்துக்காது, கம்மியாதான் எடுத்துக்கும், அந்தக் காலத்து செடிதான் நிலக்கரி, அதனால நிலக்கரிலயும் கம்மி. எரிமலை வாயுல அந்த அளவுக்கு கம்மி கிடையாது. காத்துல இப்ப ரெண்டுமே குறையுது. இது போதாதுன்னு ஆக்ஸிஜன் வேற. எரிஞ்சாதானே ஆக்ஸிஜன் செலவாகும்? கீலிங்கோட மகன் ரால்ஃப் கீலிங் ஆக்ஸிஜனை அளந்துட்டு வர்றாரு, அதுவும் குறைஞ்சுட்டு வருது (பயப்படாதீங்க, மூச்சு முட்டுற அளவுக்கெல்லாம் இல்ல). எரிமலையோ கடலோ விட்டிருந்தா ஆக்ஸிஜன் குறைய வேலையே இல்ல.

அளவுலயும் பார்த்தா நாம வருசத்துக்கு எரிக்கிறதுல வர்றது 3,700 கோடி டன்னுக்குப் பக்கம், எரிமலை எல்லாம் சேர்ந்து அதுல 1 சதவீதம் பக்கத்துல கூட வராது. கடல் விடலீங்க, வாங்கிட்டு இருக்கு, அதனாலதான் அதோட அமிலத்தன்மை ஏறுது. நாம விடுறதுல ஏறக்குறைய பாதியை கடலும் காடும் விழுங்கிடுறதாலதான் இந்த மட்டுலயாவது இருக்கோம்.

சூரியன்?

1978ல இருந்து சாட்டிலைட் அளக்குது. 11 வருசச் சுழற்சில ஏறி இறங்குதே தவிர ஏறுமுகம் இல்ல. அதை விட நல்ல ஆதாரம் ஒண்ணு இருக்கு. சூரியன் காரணம்னா காத்து மண்டலம் மேல இருந்து கீழ வரை மொத்தமா சூடாகணும். ஆனா கீழ் அடுக்கு சூடாகுது, அதுக்கு மேல இருக்குற ஸ்ட்ராட்டோஸ்பியர்ங்கிற அடுக்கு குளிருது. அதுல ஓசோன் குறைஞ்சதுக்கும் ஒரு பங்கு உண்டு, ஆனா மேல போகப் போக கார்பன் டை ஆக்ஸைடு வேலைதான் அதிகம். இப்படித்தான் நடக்கும்னு 1967லயே, சாட்டிலைட் பதிவு எதுவும் இல்லாத காலத்துல, மனாபே, வெதரால்டுங்கிற ரெண்டு விஞ்ஞானிங்க கணக்குப் போட்டு சொல்லிட்டாங்க. மனாபேக்கு 2021ல நோபல் கிடைச்சுது. எவ்ளோ லேட்டுன்னு பாருங்க.

நான் படிச்ச வரைக்கும் ஐஸ் பதிவுல முதல்ல வெப்பம் ஏறுது, அப்புறம்தான் கார்பன் டை ஆக்ஸைடு ஏறுது. அப்ப காரண காரியமே தலைகீழா இல்லையாம்மா?

ஐயா, உங்க தகவல் சரி, முடிவுதான் இடிக்குது. அண்டார்டிகா ஐஸ்ல பழைய காத்து குமிழியா மாட்டிட்டு இருக்கு. க்ளோட் லோரியஸ்ங்கிற பிரெஞ்சுக்காரர் 1965ல அங்க முகாம்ல ராத்திரி விஸ்கில அந்தப் பழைய ஐஸைப் போட்டுக் குடிச்சப்போ குமிழி பொறிஞ்சு வெளிய வர்றதைப் பார்த்துதான் இதுல அந்தக் காலத்துக் காத்தே இருக்குன்னு பொறி தட்டுச்சாம். இப்ப 8 லட்சம் வருசத்துக்கு பதிவு இருக்கு. அத்தனை காலமும் கார்பன் டை ஆக்ஸைடு பத்து லட்சத்துல 180ல இருந்து 300 பங்குக்குள்ளதான் ஆடிட்டு இருந்துச்சு.

பனியுகம் முடியுறப்போ துவக்கி விட்டது பூமியோட சுற்றுப்பாதை, சாய்வு இதுல வர்ற மெதுவான மாற்றம். அதுல லேசா சூடானதும் கடல் தன்கிட்ட கரைஞ்சிருந்த வாயுவை விட்டுச்சு, அந்த வாயு சூட்டை இன்னும் ஏத்துச்சு. அதாவது சூட்டால வாயுவும் ஏறும், வாயுவால சூடும் ஏறும், ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இல்லைன்னு ஆகாது. இந்த தடவை நாம வாயுவை முதல்ல விட்டுட்டோம். சுற்றுப்பாதைக் கணக்குப்படி பார்த்தா இப்ப பூமி ரொம்ப மெதுவா குளிர்ந்துட்டு இருக்கணும்.

வளவளன்னு வேண்டாம், ஒரு நம்பர் சொல்லுங்க. மனுசன் பங்கு எத்தனை பர்சன்ட்?

கிட்டத்தட்ட நூறு. ஐபிசிசி, அதாவது ஐ.நா.வோட பருவநிலை மாற்றக் குழு, 2021ல கொடுத்த அறிக்கைப்படி 1850-1900 சராசரில இருந்து 2010-2019 சராசரி வரை நிஜமா ஏறுனது 1.06 டிகிரி, மனுசனால ஏறுனதா கணிச்சது 1.07, சூரியன் எரிமலை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய பூஜ்யம். வாயுங்க மட்டும்னா 1ல இருந்து 2 டிகிரி வரை ஏத்தியிருக்கும், ஆனா நாம விடுற புகைத் தூசி வெயிலை மறைச்சு அதுல கொஞ்சத்தைக் குறைச்சிடுச்சு. எவ்ளோ குறைச்சுதுங்கிறதுலதான் பெரிய இழுபறி. சந்தேகம் இருக்குற இடம் அதுதான், மனுசனா இல்லையாங்கிறது இல்ல.

இந்தியால உலக சராசரி அளவுக்கு சூடு ஏறலையே, இதை ஏன் யாரும் வெளிய சொல்றதில்ல?

சொல்லியிருக்காங்களே, மத்திய அரசோட 2020 அறிக்கைலயே இருக்கு. 1901ல இருந்து 2018 வரை சுமார் 0.7 டிகிரிதான். காரணம்தான் சந்தோசப்படுற மாதிரி இல்ல. வட இந்தியா மேல கவிஞ்சு கிடக்குற புகை மூட்டம் வெயிலைத் தடுக்குது, பாசனத் தண்ணி ஆவியாகி கொஞ்சம் குளிர வைக்குது. 1999ல மாலத்தீவுப் பக்கம் பெரிய ஆய்வு நடத்தி இந்த பழுப்பு மேகத்தை உலகத்துக்குக் காட்டுனவங்கள்ல முக்கியமானவர் நம்ம அண்ணாமலை பல்கலைக்கழகத்துல எஞ்சினியரிங் படிச்ச வீரபத்ரன் ராமநாதன். அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1975ல, அப்ப ஃப்ரிட்ஜ்ல ஊத்திட்டு இருந்த சிஎஃப்சி வாயு கார்பன் டை ஆக்ஸைடை விட ஆயிரக்கணக்கான மடங்கு சூட்டைப் பிடிக்கும்னு சொன்னவரும் அவரேதான். விசயம் என்னன்னா, நுரையீரலுக்காக அந்தப் புகையை நாம சுத்தம் பண்ணியே ஆகணும், பண்ணா மறைஞ்சு கிடந்த சூடு வெளிய வரும். ரெண்டையும் தாங்கித்தான் ஆகணும்.

2015 சென்னை வெள்ளம் இதனாலதானே?

அப்படி சொல்ல ஆதாரம் கிடைக்கல. அந்த டிசம்பர் மழையை தனியா எடுத்து ஆராய்ஞ்ச உலக விஞ்ஞானிகள் குழு, இதுல புவி வெப்பமடைதலோட தடம் தெரியலன்னுதான் முடிவுக்கு வந்தாங்க. பொதுவா காத்து 1 டிகிரி சூடானா 7 சதவீதம் கூடுதலா ஈரம் தாங்கும், அதனால கனமழை இன்னும் கனமாகும்ங்கிறது உண்மை, ஆனா ஒவ்வொரு மழைக்கும் அதையே சாக்கா சொல்லக்கூடாது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நிரப்பி கட்டடம் கட்டுனதுக்கும் ஏரி வாய்க்காலை மூடுனதுக்கும் க்ளைமேட் என்ன பண்ணும்? "எல்லாம் பருவநிலை மாற்றம்"னு அதிகாரி ஒருத்தர் சொன்னா எனக்கு முதல்ல சந்தேகம்தான் வரும்.

2035ல இமயமலை பனி எல்லாம் உருகிடும்னு உங்க ஐபிசிசியே புளுகுச்சே?

2007 அறிக்கைல அந்த வரி வந்தது அசிங்கம்தான், சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். சரியான ஆய்வுல இருந்து எடுக்காத வரி அது. அதை பனியாறு ஆராய்ச்சியாளர்களே பிடிச்சு, 2010 ஜனவரில ஐபிசிசி தப்புன்னு ஒத்துக்கிச்சு. ஆனா பனி உருகுறது தப்பில்லையே, வருசம்தான் தப்பு. 2009ல க்ளைமேட் விஞ்ஞானிங்களோட ஈமெயில் திருட்டுத்தனமா வெளிய வந்த விவகாரமும் கேட்டிருந்தீங்க: பல விசாரணை நடந்துச்சு, மோசடி எதுவும் இல்லன்னு வந்துச்சு, தரவை கேட்டவங்களுக்குக் கொடுக்காம இழுத்தடிச்சதுக்கு குட்டு வாங்குனாங்க, வாங்க வேண்டியதுதான்.

நாம விடுற மூச்சும் கார்பன் டை ஆக்ஸைடு தானே?

ஆமா, ஆனா அது நீங்க சாப்பிட்ட சோறு காத்துல இருந்து எடுத்தது. வரவும் செலவும் சரி. தாராளமா மூச்சு விடுங்க.

அமெரிக்காக்காரன் நூறு வருசமா எரிச்சுட்டு இப்ப நம்மள ஏசி போடாதேன்னா எப்படி?

கோபம் நியாயம். இதுவரை எரிச்சு வெளிய விட்டதுல ஏறக்குறைய கால்வாசி அவங்க கணக்கு. இன்னைக்கும் அங்க வருசத்துக்கு ஆளுக்கு 14 டன் சொச்சம், நம்ம ஊர்ல 2 டன் சொச்சம். எக்ஸான்ங்கிற அமெரிக்க எண்ணெய் கம்பெனியோட சொந்த விஞ்ஞானிகளே 1970கள் கடைசில இருந்து போட்ட கணிப்புல பெரும்பாலானது சரியாத்தான் இருந்திருக்குன்னு 2023ல ஒரு ஆய்வு வந்துச்சு, தெரிஞ்சுக்கிட்டேதான் வெளிய வேற மாதிரி பேசிட்டு இருந்தாங்க. ஆனா யார் காசு கொடுக்கணும்ங்கிற சண்டை வேற, சூடாகுதாங்கிற கேள்வி வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பி, அமெரிக்கா மேல உள்ள கோபத்துல இயற்பியலையே இல்லைன்னு சொன்னா லாபம் எக்ஸானுக்குத்தான்.

இன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்திட்டா பழையபடி குளிர்ந்திடுமா அக்கா?

குளிராதுப்பா. நாம விட்டதுல ஒரு பகுதி ஆயிரம் வருசத்துக்கு மேலயும் காத்துல நிக்கும். கார்பன் டை ஆக்ஸைடு விடுறது சுத்தமா பூஜ்யமானா சூடு மேல ஏறுறது ஏறக்குறைய அங்கயே நிக்கும், அவ்வளவுதான், கடல் மட்டம் அதுக்கப்புறமும் ரொம்ப காலம் மெதுவா ஏறிட்டே இருக்கும். மீத்தேன் மட்டும் வேற மாதிரி, 12 வருசம் பக்கத்துல சிதைஞ்சிடும், அதைக் குறைச்சா பலன் நம்ம காலத்துலயே தெரியும். மாடு, நெல் வயல், குப்பைமேடுன்னு அதுல கேள்வி நிறைய வந்திருக்கு, நெல் வயல் பத்தி கேட்டவங்க நீங்க எந்த ஊர், தண்ணி நிறுத்துற வயலா, காய்ச்சலும் பாய்ச்சலுமா விடுறீங்களான்னு சேர்த்து எழுதுங்க, அதைப் பொறுத்துதான் பதில் மாறும்.