மூன்று பெயர் கேளுங்கள், தம்பி

கேள்வி: அக்கா, அம்பாளை மந்திரத்தாலும் ஸ்ரீசக்ரம் என்ற கோலத்தாலும் வழிபடும் ஸ்ரீவித்யா என்ற தந்திர வழியைப் பற்றி இரண்டு வருடமாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். ஒரு புத்தகத்தில் அதன் பதினைந்து எழுத்து மந்திரமான பஞ்சதசியே அச்சாகியிருந்தது. மூன்று மாதமாக எம்ஆர்டியில் வேலைக்குப் போகும்போது மனசுக்குள் சொல்லி வருகிறேன். இப்போது ஒருவர் 888 வெள்ளி கட்டினால் ஸூமில் தீட்சை தருகிறேன் என்கிறார். உண்மையான குரு பரம்பரையை எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மா வேறு, ‘தந்திரமா? பில்லி சூனியமா?’ என்று பயப்படுகிறார்.
(34 வயது வாசகர், செங்காங், சிங்கப்பூர்)

பதில்: முதலில் அம்மாவைச் சமாதானப்படுத்துவோம். தமிழில் தந்திரம் என்றாலே நமக்கு நரிதான் ஞாபகம் வருகிறது, பாவம். திருமூலர் தம் திருமந்திரத்தை ஒன்பது தந்திரங்களாகத்தான் பிரித்திருக்கிறார். நாலாம் தந்திரத்தில் பெரும்பாலும் சக்கரமும் மந்திரமும்தான். சிவாகமங்கள் 28 என்கிறோமே, அவையும் இதே குடும்பம். உங்கள் அம்மா கும்பிடுகிற சிவன் கோயிலில் அபிஷேகம் செய்யும் சிவாச்சாரியாரும் சமயம், விசேடம், நிர்வாணம் என்று தீட்சைகள் வாங்கிய பிறகே லிங்கத்தைத் தொடுகிறார். இதை அப்படியே சொல்லுங்கள்.

இனி அந்த 888. 1990களில் நானும் ஏமாந்தவள்தான். ஊரிலிருந்து வந்த ஒரு சாமி, சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு ஹோட்டல் அறையில் நாற்பது பேருக்கு ஒரே மூச்சில் ‘உபதேசம்’ செய்தார். ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் தாள், 300 வெள்ளி. நாலு மாதம் பக்தியாகச் சொன்னேன். அப்புறம் பக்கத்து பிளாக் அக்காவின் தாளைப் பார்த்தால், என் தாளில் ஓரம் வெட்டுப்பட்டு, மூன்று வரியிலும் வரிக்கு ஓர் எழுத்து காணோம்! பதினைந்து எழுத்து மந்திரத்தைப் பன்னிரண்டாகச் சொல்லியிருக்கிறேன். சிரித்தேன், அப்புறம் அழுதேன். சாமியை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

மந்திரம் ரகசியம் என்பதில் பெரிய மர்மம் இல்லை. சௌந்தர்யலகரி 32ஆம் சுலோகத்திலேயே பதினைந்து எழுத்தும் குறிப்பாக ஒளிந்திருக்கிறது. யார் வாயிலிருந்து யார் காதுக்கு வந்தது என்பதுதான் கேள்வி. ஸ்ரீவித்யையில் தினப்படி பூஜையே குரு பாதுகை என்ற குரு வணக்கத்தில்தான் தொடங்கும். தன் குரு, அவருடைய குரு (பரமகுரு), அவருக்கும் குரு (பரமேஷ்டி குரு) என்று மூவரையும் தீட்சைப் பெயரோடு வணங்கிவிட்டுத்தான் அடுத்த வேலை. ஆண்களுக்கு அந்தப் பெயர் ‘ஆனந்தநாதர்’ என்று முடியும், பெண்களுக்கு ‘அம்பா’. லலிதா சகஸ்ரநாமத்துக்கு உரை எழுதிய பாஸ்கரராயருக்குத் தீட்சைப் பெயர் பாசுரானந்தநாதர். அதனால் ஸூம்காரரிடம் பணிவாக, ‘ஐயா, உங்கள் குருத்ரயம் யார்?’ என்று, அதாவது அந்த மூன்று குருமார் பெயரை மட்டும் கேளுங்கள். தினமும் சொல்கிறவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்காது. ‘எனக்கு அம்பாளே கனவில் கொடுத்தாள்’ என்றால், ரொம்ப சந்தோஷம், வெள்ளி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

தேட வேண்டிய இடங்கள்? சென்னையில் குகானந்த மண்டலி என்ற ஸ்ரீவித்யா அமைப்பு இருக்கிறது. ஆந்திராவில் தேவிபுரம் கோயில் இருக்கிறது. அதை நிறுவிய அமிர்தானந்தநாதர் அணு இயற்பியல் அறிஞர், 2015இல் மறைந்தார், வெளிப்படையாகக் கற்றுக்கொடுத்தவர். நேரில் போங்கள். போன அன்றே தீட்சை கேட்காதீர்கள். ஸ்ரீசக்ரத்தின் ஒன்பது சுற்றுகளுக்கும் செய்கிற நவாவரண பூஜை ஒன்றில் முழுக்க ஓரமாக உட்காருங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், கால் மரத்துவிடும். பூஜை செய்கிறவர் வீட்டு ஆட்களிடமும் சமையல்கட்டில் உதவுகிறவர்களிடமும் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். எனக்கு அது சாஸ்திர ஞானத்தைவிடப் பெரிய அத்தாட்சி.

இங்கேயே தேடுவதானால், என் அனுபவத்தில் சங்கீதக்காரர்களை விசாரிப்பது நல்லது. முத்துசுவாமி தீட்சிதர் ஸ்ரீவித்யா உபாசகர். அவருடைய கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகளை நவராத்திரியில் நாளுக்கு ஒன்றாகப் பாடுகிற வீடுகள் உண்டு. என் குருவை எனக்குக் காட்டியது பீஷானில் இருந்த ஒரு வீணை டீச்சர்தான்.

என் குரு கும்பகோணம் பக்கம், ஓய்வுபெற்ற வங்கி குமாஸ்தா. ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். ஸ்ரீசக்ரம் பற்றிக் கேட்பார் என்று இரவெல்லாம் படித்துவிட்டுப் போயிருந்தேன். அவர் கேட்டது, ‘யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லாம இருக்கியா?’ என் தங்கையோடு இரண்டு வருடமாக இல்லை, ஒரு சங்கிலி விவகாரம். ‘அதை முடிச்சுட்டு வா’ என்றார். விமானச் சீட்டுக் காசெல்லாம் போச்சே என்று ஆத்திரமாக வந்தது. எட்டு மாதம் கழித்துத்தான் மறுபடி போனேன். அப்போதும் கணபதி மந்திரம் மட்டும். ஒரு வருடம் கழித்து பாலா மந்திரம். பஞ்சதசி என் காதில் விழ ஆறு வருடம் ஆனது. தட்சிணை தாம்பாளத்தில் நான் வைத்ததுதான். எவ்வளவு என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

நீங்கள் இப்போது சொல்லிவரும் பஞ்சதசியை நிறுத்திவிடுங்கள். தெரியாமல் செய்ததற்கு அம்பாள் தண்டிக்க மாட்டாள், பயம் வேண்டாம். அந்த நேரத்தில் அபிராமி அந்தாதி சொல்லுங்கள். நூறு பாட்டு, யாரிடமும் அனுமதி வேண்டாம். செங்காங்கிலிருந்து டோபி காட் போவதற்குள் பத்துப் பாட்டாவது ஆகும். நாளைக்கு ஜபம் என்று வரும்போது மணிமாலையெல்லாம் ரயிலில் எடுக்க வேண்டாம். மோதிர விரலின் நடுக்கணுவில் தொடங்கி விரல் கணுக்களில் எண்ணுகிற முறையைக் குரு சொல்லித் தருவார். மேலே ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உங்களுக்குச் சளி பிடித்திருப்பதாகத் தோன்றும்.

கேள்வி: தேக்காவில் செம்பு ஸ்ரீசக்ரத் தகடு வாங்கிவிட்டேன். தீட்சை இல்லை. வீட்டில் வைக்கலாமா?
(வாசகி, ஈசூன்)

பதில்: படமாக நினைத்து வையுங்கள், பூப் போடுங்கள், போதும். ஆவரண பூஜையெல்லாம் யூடியூபைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேயுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்குச் செம்பு சீக்கிரம் கறுத்துவிடும்.