ஓகஸ்ட் விடுமுறையில் கூடாரம்: வைப்பை உடைப்பதா, தவணைக்கு வாங்குவதா?

கேள்வி: அன்புள்ள ஐயா, நான் திருகோணமலையில் அரச பாடசாலை ஆசிரியை. கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறார். பிள்ளைகளுக்கு வயது எட்டும் நான்கும். பிடிப்புகள் போக இருவருக்கும் சேர்த்து மாதம் 150,000 ரூபா கைக்கு வருகிறது. வீட்டுக் கடனுக்கு 32,000, பன்னிரண்டு பேர் சேர்ந்த சீட்டுக்கு 10,000, வீட்டுச் செலவுக்கு 85,000 போக 23,000 மிஞ்சும். என் பெயரில் 300,000 ரூபா நிலையான வைப்பு உண்டு. கடந்த நவம்பரில் 8 வீத வட்டிக்கு ஓராண்டுக்குப் போட்டது.

ஓகஸ்ட் விடுமுறையில் குச்சவெளிக் கடற்கரையில் மூன்று இரவுகள் கூடாரம் அடித்துத் தங்க ஆசைப்படுகிறோம். கூடாரம் 58,000, நால்வருக்கும் உறக்கப் பைகளும் மெத்தைகளும் 44,000, எரிவாயு அடுப்பும் பாத்திரங்களும் 19,500, ஐஸ் பெட்டி 16,000, மடக்கு மேசை நாற்காலிகள் 22,000, விளக்குகள் 8,500. மொத்தம் 168,000 ரூபா. வானுக்கும் சாப்பாட்டுக்கும் இன்னும் 42,000 வேண்டும். கடனட்டையில் வாங்கினால் வட்டியில்லாமல் 12 மாதத் தவணை தருகிறார்கள். வங்கிக்குக் கையாளல் கட்டணம் 5 வீதம். ரொக்கமாகக் கொடுத்தால் கடையில் 8 வீதம் கழிவு. தவணைக்குப் போவதா, வைப்பை உடைப்பதா, சீட்டை இப்போதே எடுப்பதா? சீட்டை இப்போது எடுத்தால் கழிவு 18,000 வரை போகும் என்கிறார்கள். மாமிக்கு இந்தப் பயணமே பிடிக்கவில்லை. “கூடாரத்தில் கிடந்தது போதாதா, காசு கொடுத்தும் கிடக்கவேண்டுமா?” என்கிறார்.

பதில்: சகோதரி, பிள்ளைகளோடு கடலோரத்தில் மூன்று இரவுகள் படுத்து எழும்ப வேண்டும் என்ற உங்கள் ஆசை நல்ல ஆசை. அதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். நான்கு வயதுப் பிள்ளை இன்னும் சில ஆண்டுகளில் உங்கள் மடியை விட்டு இறங்கிவிடும். போய் வாருங்கள். ஆனால் நீங்கள் கேட்ட மூன்று வழிகளும் வேண்டாம். மூன்றுமே அந்த 168,000 ரூபாவை எங்கிருந்து எடுப்பது என்றுதான் பார்க்கின்றன. அந்தச் செலவே தேவையா என்பதை அல்லவா முதலில் பார்க்கவேண்டும்?

இருந்தாலும் கேட்டதற்குக் கணக்குச் சொல்கிறேன். “வட்டியில்லாத் தவணை” என்ற சொல்லை நம்பி எத்தனையோ ஆசிரியர்கள் என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வங்கியில் நான் வேலை செய்த காலத்திலும் வந்தார்கள், இப்போதும் வருகிறார்கள். அதே பொருட்களை ரொக்கத்துக்கு வாங்கினால் 8 வீதம் கழிந்து 154,560 ரூபாவுக்குக் கிடைக்கும். தவணையில் மாதம் 14,000 வீதம் 168,000, அதற்கு மேல் கையாளல் கட்டணம் 8,400, ஆக 176,400 கட்டுவீர்கள். வித்தியாசம் 21,840 ரூபா. பார்த்தால் 14 வீதம் போலத் தெரியும். ஆனால் முதல் மாதத்திலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள், கையாளல் கட்டணத்தையும் தொடக்கத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு 26 வீதத்துக்கும் அதிகமான வட்டிக்குக் கடன் வாங்கியதாகிறது. உங்கள் பணத்துக்கு வங்கி தருவது 8 வீதம். ஒரு தவணை தவறிவிட்டால் கடனட்டையின் வழமையான வட்டியும் வந்து சேரும். கூடாரம் ஓகஸ்டோடு மடிந்துவிடும், தவணை அடுத்த வருடமும் தொடரும்.

வைப்பை உடைப்பதும் இழப்புத்தான். ஓகஸ்டில் ஒன்பது மாதம் முடிந்திருக்கும், 18,000 ரூபா வட்டி சேர்ந்திருக்கும். முதிர்வுக்கு முன் எடுத்தால் வங்கிகள் வட்டியைக் குறைத்துவிடும். சேமிப்புக் கணக்கின் அளவுக்கு, 3 வீதத்துக்கு இறக்கினார்கள் என்று வைத்துக்கொண்டால் கையில் கிடைப்பது 6,750. இன்னும் மூன்று மாதம் பொறுக்காததற்கு 11,250 ரூபா போய்விடும். பெரும்பாலும் பாதி வைப்பை மட்டும் உடைக்கவும் விடமாட்டார்கள்.

வட்டி இழப்பைவிட எனக்குப் பயமாக இருப்பது வேறொன்று. உங்கள் வீட்டுக்கு மாதம் 127,000 ரூபா வெளியே போகிறது. அந்த 300,000 ரூபா இரண்டரை மாதத்துக்குக்கூடக் காணாது. ஒருவருக்கு வேலை நின்றாலோ ஒரு பிள்ளைக்கு நோய் வந்தாலோ இந்த வீட்டுக்கு இருப்பது அது ஒன்றுதான். 2022 இல் எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது, கையிருப்பு இருந்த வீடுகள் எப்படியோ சமாளித்தன, இல்லாத வீடுகள் தாலிக்கொடியை அடகு வைத்தன. வைப்பைத் தொடாதீர்கள்.

வைப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,800,000 ரூபாவைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். வைப்பு உங்கள் பெயரில் இருப்பதாலும் கணவரின் சம்பளத்தை உங்கள் வருமானத்தோடு கூட்டிப் பார்ப்பதில்லை என்பதாலும் நீங்கள் கொடுக்கலாம். ஓராண்டு வட்டி 24,000 ரூபாவில் 2,400 மிஞ்சும். அதற்கு வங்கிக்குப் போகும் ஒரு நாள் நடைதான் செலவு.

சீட்டை இப்போது எடுத்தால் 18,000 கழிவில் உங்கள் பங்காக 1,500 திரும்பும், 16,500 போய்விடும். அதைக் கடைசி வரை வைத்திருங்கள்.

இனி அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உங்களோடு நிறையப் பேசவேண்டியிருக்கிறது.

உறக்கப் பை நுவரெலியாக் குளிருக்கு உரியது. ஓகஸ்டில் எங்கள் கடற்கரையில் நள்ளிரவிலும் வியர்க்கும். அந்தப் பைக்குள் நான்கு வயதுப் பிள்ளையைப் போட்டால் பத்து நிமிடத்தில் உதைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வீட்டிலுள்ள பன்பாய், பருத்திப் போர்வை, நுளம்புவலை போதும். 44,000 ரூபா மிச்சம். மேசை நாற்காலி எதற்கு? பாயில் உட்கார்ந்து கட்டுச்சோறு அவிழ்ப்பதற்காகத்தானே போகிறீர்கள்! என் அம்மம்மா கதிர்காமத்துக்கு நடந்து போனவர். வடக்கிலிருந்து வந்த பாதயாத்திரைக் கூட்டத்தோடு இங்கே சேர்ந்து, வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று நாட்கணக்கில் மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் படுத்தார். அவர் கொண்டு போனது ஒரு பாய், ஒரு பானை, மாற்றுச் சேலை. வெளியில் படுத்துறங்கும் பழக்கத்தை எங்கள் சனத்துக்கு யாரும் கடையில் விற்கத் தேவையில்லை.

கூடாரம் மட்டும் வேண்டும். அதையும் வாங்காதீர்கள். ஆண்டுக்கு மூன்று இரவுகள் வீதம் நான்கு ஆண்டுகள் போனாலும் பன்னிரண்டு இரவுகள். 168,000 ரூபாவை அதற்குப் பிரித்தால் ஓர் இரவுக்கு 14,000. உப்புக் காற்றுக்குச் சிப் அரித்துவிடும், வெயிலுக்குத் துணி நைந்துவிடும், அதற்குள் மூத்த பிள்ளைக்கும் பன்னிரண்டு வயதாகிவிடும். பொருட்களை வாடகைக்குக் கொடுக்கும் ஒருவரைத் தேடுங்கள். ஓர் இரவுக்கு 3,500 ரூபா கேட்டாலும், நான் கீழே சொல்லும் இரண்டு இரவுகளுக்கு 7,000தான். எடுக்கும்போதே முழுவதையும் விரித்து, சிப், கம்பி, அடித்துணி மூன்றையும் பார்த்துவிட்டு எடுங்கள்.

இடத்தையும் மாற்றச் சொல்வேன். குச்சவெளித் திறந்த கரை அழகான கரை. ஆனால் சிறு பிள்ளைகளோடு முதல் தடவை அங்கே வேண்டாம். கழிப்பறை இல்லை, குடிநீர் இல்லை, வடக்கே திரியாய்ப் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. திறந்த கரையில் கூடாரம் போட்டால் கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் முன்கூட்டியே சொல்லவேண்டும். சொல்லாமல் போய், இரவில் எழுப்பி அனுப்பப்பட்டால் வாடகை இரண்டாகும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2011 ஆவணியில் எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். பின்னேரம் கச்சான் காற்று எழும்பியது. கூடாரத்தோடு வந்த சின்னக் கம்பி முளைகள் வீட்டு முற்றத்தில் நன்றாகத்தான் பிடித்தன. கடல் மணலில் ஒன்றுகூட நிற்கவில்லை. கூடாரம் உருண்டது, சோற்றுப் பானைக்குள் மணல், சின்ன மகள் அழுகை. இருட்டியபின் விடுதி தேடி ஓடினோம். அந்த ஓர் இரவு அறைக்குக் கொடுத்த காசு முழுப் பயணத்துக்கும் ஒதுக்கியதில் பாதி. ஓகஸ்டில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும், ஆனால் காற்று இருக்கும். பிறகுதான் ஒரு மீனவர் காட்டித் தந்தார்: பழைய அரிசிச் சாக்குகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்துக்குப் புதைத்துவிட்டால் அசையாது. கடலோரத்தில் வாடி போட்டுப் பழகியவர்களின் கைவேலை அது. சாக்குக்கும் கயிற்றுக்கும் 2,500 ரூபா ஒதுக்கினால் மிச்சமும் வரும். தென்னைக்குக் கீழே மட்டும் கூடாரம் அடிக்காதீர்கள். நிழல் நன்றாகத்தான் இருக்கும், விழுவது தேங்காய்.

ஆகவே நிலாவெளிக்குப் போங்கள். நகரிலிருந்து 15 கிலோமீற்றர் அளவுதான், பிள்ளைக்கு நடுராத்திரியில் காய்ச்சல் வந்தாலும் ஓடி வந்துவிடலாம். சிறிய விருந்தினர் இல்லங்களில் கிணறும் கழிப்பறையும் உள்ள மதில் வளவுகள் உண்டு. வளவில் கூடாரம் அடிக்க விடுவீர்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். ஓர் இரவுக்கு 3,000 ரூபாவுக்குப் பேசிப் பாருங்கள். பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்த வார இறுதியை விட்டு, நடுவாரத்தில் போனால் பேரம் படியும். மூன்று இரவுகள் வேண்டாம், இரண்டு போதும். மூன்றாம் நாள் சிறு பிள்ளைகள் சிணுங்கத் தொடங்குவார்கள், அந்தச் சிணுங்கலை அடக்கக் கடையில் செலவழிப்பீர்கள்.

புறாத்தீவை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். நிலாவெளிக் கரைக்கு எதிரே ஒரு கிலோமீற்றர் அளவில்தான் இருக்கிறது என்றாலும் அது தேசிய பூங்கா, அங்கே இரவு தங்க முடியாது. படகு வாடகையும் நுழைவுச் சீட்டும் வேறு. நான்கு வயதுப் பிள்ளையின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி படகில் இருக்கும் என்று நம்பிப் போகவும் முடியாது. பிள்ளை நீந்தப் பழகிய பிறகு போனால் அந்தக் காசுக்குப் பலன் உண்டு.

கணக்கு இப்படி வரும். கூடாரம் 7,000, வளவு 6,000, மின்னேற்றும் விளக்கு இரண்டு 6,000, சாக்கும் கயிறும் 2,500, போக வர முச்சக்கரவண்டிகள் 8,000, சாப்பாடும் தண்ணீரும் ஐஸும் 12,000. ஆக 41,500 ரூபா. ஐஸ் பெட்டியை உறவினரிடம் இரவல் வாங்குங்கள், அடுப்பு வீட்டுச் சின்ன அடுப்பு. தண்ணீரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர் என்று வையுங்கள், நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொட்டலங்கள் நான்கு பையில் இருக்கட்டும்.

இத்தோடு இன்னொரு செலவும் சேர்க்கச் சொல்கிறேன். அதை மாமியின் கேள்வியோடு சேர்த்துத்தான் சொல்லமுடியும்.

அவர் எந்த ஆண்டில், எங்கே கூடாரத்தில் இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகா, 2006 இல் மூதூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தபோதா, அதற்கும் முன்னரா? இந்த மாவட்டத்தில் அந்த வயதுடைய ஒருவருக்குத் “தறப்பாள்” என்ற சொல் கேட்டாலே மழை ஒழுகும் சத்தம் கேட்கும். அவருக்கு அது தண்ணீர் வரிசை, நிவாரண அட்டை, அடுத்த கூடாரத்தின் அழுகை. அவரிடம் செலவுக் கணக்கை நீட்டாதீர்கள், இது வேறு அது வேறு என்று வாதாடவும் வேண்டாம். அவர் மறுப்பது உங்கள் செலவை அல்ல. மறுபடியும் கதவில்லாத இடத்தில் பேரப்பிள்ளைகள் படுக்கக்கூடாது என்கிறார். அந்தப் பயத்துக்கு இடம் கொடுத்துத்தான் திட்டம் போடவேண்டும்.

அதே இல்லத்தில் ஓர் அறையையும் எடுங்கள். ஓர் இரவுக்கு 6,500 ரூபா என்று வைத்தால் இரண்டு இரவுகளுக்கு 13,000. நான் 2011 இல் இருட்டில் தேடி ஓடிய அறை அதுதான். நீங்கள் முன்கூட்டியே, பகலில், பேரம் பேசி எடுத்துவிடுகிறீர்கள். காற்று எழும்பினால், மழை வந்தால், சின்னப் பிள்ளை பயந்தால் பத்து எட்டில் சுவரும் கூரையும் இருக்கும். 41,500 உம் 13,000 உம் 54,500. கைச்செலவுக்கு 5,000 சேர்த்தால் 59,500. இது ஏப்ரல். இந்த மாதம் முதல் மாதம் 15,000 ரூபாவைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு வந்தால் ஜூலை முடிவில் 60,000 இருக்கும். உங்கள் 23,000 மிச்சத்தில் இன்னும் 8,000 மாதாமாதம் கையில் நிற்கும். ஓர் ரூபா கடன் இல்லை.

இடையில் ஒரு சனிக்கிழமை இரவு, வாடகைக் கூடாரத்தை வீட்டு முற்றத்தில் அடித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்துப் பாருங்கள். சின்னவர் இரவு பத்து மணிக்கு எழுந்து கட்டிலுக்கு ஓடினால், 3,500 ரூபாவோடு தெரிந்துவிட்டது, பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம்.

அறையை முன்பதிவு செய்வதற்கு முன் மாமியை நிலாவெளிக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்த வளவைக் காட்டுங்கள். கதவின் தாழ்ப்பாளை அவரே போட்டுப் பார்க்கட்டும், கிணற்றுத் தண்ணீரை அவரே அள்ளிப் பார்க்கட்டும். வர ஒத்துக்கொண்டால் அந்த இரண்டு இரவும் அறைச் சாவி அவர் கையிலேயே இருக்கட்டும்.