மலையேற்றப் பையில் என்ன வைப்பது? தாப்பா வட்டாரத்தினர் கேட்டவை

பள்ளி விடுமுறை வருகிறது. லாத்தா கிஞ்சாங் அருவிக்கும் கேமரன் மலைக்கும் கிளம்ப ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, பன்னிரண்டு பேர் ஓர் இரவு தங்கப் போகிறோம். யார் எதைத் தூக்குவது?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், ஆனால் யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டு பேரும் தனித்தனியாகப் பை கட்டினால் பன்னிரண்டு கத்தி வந்து சேரும், லைட்டர் ஒன்றுகூட இருக்காது. இரண்டு பட்டியல் போடுங்கள். தண்ணீர், மழைக்கோட்டு, தலையில் மாட்டும் டார்ச், விசில், சொந்த மருந்து, ஒரு செட் மாற்றுத்துணி எல்லாம் அவரவர் பையில். அடுப்பு, கேஸ், சட்டி, கூடாரம், முதலுதவிப் பெட்டி எல்லாம் பொது. பொதுப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரில் தூக்குபவர் பெயரை எழுதுங்கள். அரிசி வைத்திருப்பவரும் அடுப்பு வைத்திருப்பவரும் சேர்ந்தே நடக்கட்டும். முதலுதவிப் பெட்டி கடைசியாக நடப்பவரிடம்தான் இருக்க வேண்டும். கால் பிசகியவர் எப்போதும் பின்தங்குவார். பெட்டி முன்னால் போய்விட்டால் யாராவது ஏறிய மேட்டைத் திரும்ப இறங்க வேண்டியிருக்கும்.

பையின் எடையா? பகல் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரவு தங்கினால் ஐந்தில் ஒரு பங்குக்குள். அறுபது கிலோ ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ. அதில் மூன்று லிட்டர் தண்ணீரே மூன்று கிலோ என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் கணக்குப் போடுகிறார்கள்.

நானூறு வெள்ளிக்குச் சப்பாத்து வாங்கித்தான் ஆகணுமா?

வேண்டாம் தம்பி. பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதுதான் ‘அடிடாஸ் கம்போங்’, நம் ஊர்ச் சேற்றுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. அடியில் இருக்கும் குமிழ்கள் சேற்றைக் கவ்வும். முழுக்க ரப்பர் என்பதால் தண்ணீரை உறிஞ்சிக் கனக்காது, கொட்டிவிட்டு நடக்கலாம். குறை என்னவென்றால் உள்ளே மெத்தை கிடையாது. கல்லும் வேரும் உள்ளங்காலில் நன்றாகத் தெரியும். தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். முதல் நாள் இரவு கால் நகத்தை வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் பெருவிரல் முன்னால் போய் முட்டி நகம் கறுத்துவிடும். கணுக்கால் பலவீனமானவர்கள் மட்டும் உயரமான பூட்ஸைப் பற்றி யோசிக்கலாம்.

பைக்கு மேலே மழை உறை போட்டேன், உள்ளே எல்லாம் நனைந்துவிட்டது. ஏன்?

முதுகு வழியாக மழை இறங்கியிருக்கும். உறை அந்தப் பக்கத்தை மூடுவதில்லை. பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்றைப் பைக்குள்ளே விரித்து, சாமானை அதில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டுங்கள். தூங்கும்போது போடும் துணியை இன்னொரு பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள். எவ்வளவு நனைந்தாலும் அதை நடக்கும்போது எடுக்கக் கூடாது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், லேசில் காயாது. பழைய பந்து விளையாட்டு ஜெர்சியே போதும். ஒரு கைலியும் எடுத்துக்கொள்ளுங்கள். உடை மாற்ற மறைப்பு, இரவில் போர்வை, கை முறிந்தால் கழுத்தில் மாட்டித் தாங்கும் தூளி என்று எல்லாவற்றுக்கும் ஆகும்.

சாப்பாடு? எங்கள் குழுவில் நாலு பேர் சைவம்.

பகல் நடைக்கு நாசி லெமாக் கட்டாதீர்கள். தேங்காய்ப்பால் போட்ட சோறு சூட்டில் மதியத்துக்குள் ஊசிப்போகும். புளிச்சோறு தாங்கும். நெத்திலி சம்பலைத் தனி டப்பாவில் வையுங்கள், சைவக்காரர்களுக்குக் கரண்டியும் தனி. குப்பையெல்லாம் திரும்ப வர வேண்டும். குனோங் லேடாங், குனோங் தஹான் மலைகளில் ஏறுமுன் பையில் இருப்பதை எழுதி வாங்கி, இறங்கியதும் சரிபார்ப்பார்கள். இங்கே யாரும் பார்ப்பதில்லை என்பதற்காக மைலோ பாக்கெட்டை அருவியோரம் விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அட்டைக்கு உப்பா, புகையிலையா?

கால்சட்டை முனையைக் காலுறைக்குள் செருகி, வெளியில் புகையிலைத் தண்ணீர் தடவுங்கள், பழைய தோட்டத்து வைத்தியம்தான். ஒட்டிவிட்டால் உங்கள் நகத்தை அட்டையின் வாய்ப்பக்கமாக நகர்த்தித் தள்ளிவிடுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளை அட்டை செலுத்தியிருக்கும், அதனால் கொஞ்ச நேரம் கசியும். பயப்பட வேண்டாம், பஞ்சு வைத்து அழுத்துங்கள்.

அக்காமார் கேட்கச் சொன்னார்கள்: மாதவிலக்கு நாளில் போகலாமா?

தாராளமாக. ஜிப் உள்ள பிளாஸ்டிக் பையும் பழைய பேப்பரும் கொண்டு போங்கள். பயன்படுத்தியதைச் சுற்றிப் போட்டு ஊருக்கே கொண்டு வாருங்கள். முதலுதவிப் பெட்டியில் கூடுதலாக நாலு நாப்கின் எப்போதும் இருக்கட்டும், யாரையும் கேட்டு எடுக்கத் தேவையில்லாமல்.

அப்பாவுக்கு இன்சுலின். வெயிலில் கெடாதா?

காரில் வைத்தால் கெடும். சின்னத் தெர்மோஸில் வைத்து அவர் பையிலேயே இருக்கட்டும். பனிக்கட்டியை நேரே தொடக் கூடாது, உறைந்த இன்சுலின் பயன்படாது. சர்க்கரை திடீரென இறங்கிவிட்டால் சாப்பிட இனிப்பு மிட்டாய் அவர் சட்டைப்பையில் ஒரு கைப்பிடி, கூட நடப்பவர் பையில் ஒரு கைப்பிடி.

ஆறு கடக்கக் கயிறு எத்தனை மீட்டர்?

கயிற்றை நம்பி இறங்காதீர்கள் ஐயா. இங்கே வெயில் அடிக்கும், மேலே மலையில் கொட்டும், ‘கெப்பாலா ஆயெர்’, அதாவது திடீர் வெள்ளம், வந்துவிடும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ சாமானை விட்டுவிட்டுக் கரை ஏறுங்கள். சாதாரணமாகக் கடக்கும்போதும் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட முடியும்.

கேமரனுக்கும் கினபாலுவுக்கும் ஒரே உடை போதுமா?

போதாது. கேமரனில் உள்ள தானா ராத்தா ஊர் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம், கினபாலு 4,095. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிபோல் குளிர் கூடும். கினபாலுவுக்குக் கம்பளித் தொப்பி, கையுறை, காற்றுப் புகாத ஜாக்கெட். கேமரனுக்கு ஒரு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் போதும்.

போன் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது.

லைன் இல்லாத இடத்தில் தேடித் தேடியே இறங்கும். விமானப் பயன்முறையில் போடுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 999.

காரில் எதை விட்டுப் போகலாம்?

காய்ந்த துணி, செருப்பு, ஒரு பிளாஸ்க் தேநீர். மாற்றுச் சாவியை ஓட்டுநர் அல்லாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.