புள்ளியியல் படித்த மகளும் புற்றுநோய் மருந்தாய்வும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

புள்ளியியலில் முதுகலை முடிக்கவிருக்கும் உங்கள் மகள் புற்றுநோய் மருந்தாய்வில் சேர விரும்புவதையும், மருத்துவம் படிக்காதவளுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கலங்குவதையும் எழுதியிருந்தீர்கள். அங்கே அவளுக்காகக் காத்திருக்கும் ஒரு வேலையை மட்டும் விரித்துச் சொல்கிறேன்: மருந்து கேட்கிறதா என்று பார்க்கும் அளவீட்டில் ஒருபக்கச் சாய்வு உண்டா என்று சோதிக்கும் வேலை.

கட்டி வளர்ந்துவிட்டதா என்பதை 2009-இல் திருத்தப்பட்ட ரெசிஸ்ட் 1.1 நெறிமுறைப்படி அளக்கிறார்கள். தேர்ந்தெடுத்த கட்டிகளின் விட்டங்களைக் கூட்டிய தொகை, அதுவரை பதிவான மிகக் குறைந்த தொகையைவிட 20 சதவீதமாவது, அத்துடன் 5 மில்லிமீட்டராவது கூடினால், நோய் முற்றியதாகக் கொள்வார்கள். குறைந்த தொகை 50 மில்லிமீட்டர் என்றால் எல்லை 60. அதே ஸ்கேனில் ஒருவர் 59 என்றும் மற்றவர் 61 என்றும் அளந்தால், ஒருவர் கணக்கில் மருந்து இன்னும் கேட்கிறது, மற்றவர் கணக்கில் கேட்கவில்லை. யாருக்குப் புதிய மருந்து என்பது மருத்துவருக்குத் தெரிந்திருக்கும் ஆய்வுகளில், அந்த அறிவே அவரையறியாமல் அளவீட்டைச் சாய்த்துவிடலாம் என்பதால், குழு விவரம் அறியாத கதிரியல் வல்லுநர்கள் படங்களை மீண்டும் பார்க்கிறார்கள்.

சிகிச்சை தரும் மருத்துவரும் மறுபார்வையாளர்களும் வேறுபடுவதே பிழையல்ல; வேறுபாடு இருக்கத்தான் செய்யும். அது இரு சிகிச்சைக் குழுக்களிலும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதே உங்கள் மகள் விடை காண வேண்டிய கேள்வி. நோய் முற்றியதாக மருத்துவர் அறிவித்தவர்களில், மறுபார்வையாளர்களுக்கு முந்தி அவர் அறிவித்தவர்களின் விகிதம், புதிய மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழுவில் மட்டும் கணிசமாகக் கூடியிருந்தால், புதிய மருந்துக்குச் சாதகமான சாய்வு உண்டா என்று ஐயுற வேண்டும்.

மறுபார்வையும் குறையற்றதல்ல. மருத்துவர் நோய் முற்றியதாக அறிவித்தபின் ஸ்கேன் எடுப்பது பெரும்பாலும் நின்றுவிடுவதால், மறுபார்வைக் கணக்கில் அந்த நோயாளி பாதியிலேயே விடுபடுகிறார். விரைவில் நோய் முற்றக்கூடியவரே இப்படி விடுபடும்போது, நோய் முற்றும்வரையான காலத்தைக் கணிக்கும் 1958-இன் காப்லான்-மையர் முறையும், அதில் குழுக்களை ஒப்பிட உதவும் 1972-இன் காக்ஸ் முறையும் சார்ந்திருக்கும் அடிப்படையே, அதாவது விடுபடுபவர்களும் தொடர்பவர்களைப் போன்றவர்களே என்ற அனுமானமே, ஆட்டம் காண்கிறது. இந்த இடத்தில்தான் நல்ல புள்ளியியலாளரின் அருமை தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே மென்பொருள் சான்றிதழ்களைச் சேர்ப்பதற்கு முன், மரணமோ நோய் முற்றுவதோ நிகழும்வரையான காலத்தை ஆராயும் உயிர்பிழைப்புப் பகுப்பாய்வை ஆழமாகப் படிக்கச் சொல்லுங்கள். முதல் சில ஆண்டுகள் அட்டவணை தயாரிப்பதிலும் பிறர் எழுதிய நிரலைச் சரிபார்ப்பதிலும் கழியக்கூடும். அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுவது நல்லது. இலவசமாகக் கிடைக்கும் ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல் மொழியில் இரு குழுக்களின் கற்பனைத் தரவை உருவாக்கி, ஒன்றில் மட்டும் நோய் முற்றிய நாளைச் சற்று முன்தள்ளி, முடிவு எவ்வளவு மாறுகிறது என்று இந்த விடுமுறையிலேயே அவள் பார்க்கட்டும். அந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டு வந்தால், எந்த நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை மூவருமாக அமர்ந்து பேசுவோம்.